போயிட்டு வரேன் என்று சொன்ன தூதர்

மலைக்குறிச்சி நாட்டுத் தூதர் திருமலைக்கொழுந்து, போர் தொடங்குவதற்கு வசதியாக எங்கள் ஊரை விட்டு முறைப்படி வெளியேறிய அன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். அவருடைய கார் வரவில்லை, பெட்டிகள் வரவில்லை, குடையும் மூக்குக்கண்ணாடிக் கூடும் வரவில்லை. அவர் மட்டும் தூதரகத்துச் சாப்பாட்டு மேசையில், வழக்கமாக உட்காருகிற ஜன்னலோர நாற்காலியில், கழுவிய கையோடு உட்கார்ந்திருந்தார். சமையல்காரி மரியபுஷ்பம் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான்யா சோறு வடிச்சிருக்கு. கொஞ்சம் பொறுங்க, கொழம்பு ஒரு கொதி வரட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நாங்கள் மணற்குடி நாட்டுக்காரர்கள். எங்களுக்கும் மலைக்குறிச்சிக்கும் நடுவே நொண்டியாறு என்று ஒன்று ஓடுவதாகப் பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகம் சொல்லும். பாலம் மட்டும் நிஜமாகவே இருக்கிறது. அவர்கள் பேசுவதும் எங்கள் பேச்சு, தின்பதும் எங்கள் கருவாடு, இரண்டு கரை மாமியார்களும் திட்டுவது ஒரே வார்த்தைகளில். இப்படி இருந்தால் எதற்கு இரண்டு நாடு என்று எங்கேயோ இரண்டு வல்லரசுகளுக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஒரு வருஷம் ஒரு வல்லரசு மலைக்குறிச்சிக்கு ரயில் எஞ்சின் ஒன்றைப் பரிசளித்தது. தண்டவாளம் இல்லாததால் அதைச் சட்டசபை வாசலில் நிறுத்தி, வெள்ளிக்கிழமை தோறும் மாலை போட்டார்கள். அதைப் பார்த்து வயிறெரிந்துபோய் நாங்கள் அடுத்த வல்லரசின் வாசலில் போய் நிற்க, அது எங்களுக்கு மணிக்கூண்டுக் கடிகாரம் ஒன்றைக் கொடுத்தது. அது அந்த வல்லரசின் ஊர் நேரத்தைத்தான் காட்டும், முள்ளைத் தொட்டால் உறவு கெட்டுவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குப் பொழுது விடியும்போது மணிக்கூண்டில் அந்தி சாய்ந்திருக்கும். நாங்களும் அதைப் பார்த்துவிட்டு, சூரியன்தான் ஏதோ தப்பு செய்கிறது என்று சொல்லிக்கொள்ளப் பழகியிருந்தோம்.

இப்படியாக அவர்கள் நேசக்கூட்டில் சேர்ந்தார்கள், நாங்கள் நட்புவளையத்தில் சேர்ந்தோம். நேசத்துக்கும் நட்புக்கும் ஆகாமல் போனது நடுக்கடலில் இருந்த ஒரு தீவினால். பறவைகள் எச்சமிட்டு எச்சமிட்டு உயர்ந்துபோன அந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்று வல்லரசுகளுக்குள் தகராறு வந்ததும், ஒப்பந்தப்படி நாங்களும் மலைக்குறிச்சியும் ஒருவரையொருவர் கொன்றாக வேண்டியதாயிற்று. அந்தத் தீவு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் எங்கள் வெளியுறவு மந்திரி ஞானாதிக்கம் பொதுவாகக் கடல் பக்கம் கையைக் காட்டுவார். ஆனாலும் நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஒரு தூதர் எதிரி மண்ணில் இருக்கும்வரை முதல் குண்டு வெடிக்கக் கூடாது, அவருக்கு ஒரு கீறல் விழக் கூடாது என்று இரண்டு ஒப்பந்தங்களிலும் எழுதியிருந்தது. மற்றவர்களுடைய கீறல்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மலைக்குறிச்சியில் இருந்த எங்கள் தூதர் முன்னமே வந்து சேர்ந்துவிட்டார். குழாய்த் தண்ணீர் விஷயமாக வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியவர் அவர். அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. திருமலைக்கொழுந்து அப்படிப்பட்டவர் இல்லை. பன்னெடுங்காலம் எங்கள் ஊரில் இருந்து, மரியபுஷ்பத்தின் மீன்குழம்பால் தொப்பையும் தெருக்காரர்களின் வம்பால் ஞானமும் பெற்றவர். கிளம்புகிற அன்று வாசலில் ஞானாதிக்கம் பூங்கொத்தோடும் கடுகடுப்பான முகத்தோடும் நிற்க, மரியபுஷ்பம் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"பாலத்துல எம் பிள்ள ஆரோக்கியம் காவலுக்கு நிக்கான்யா. தாண்டும்போது ஒரு பார்வ பாத்துக்கிடுங்க."

"பார்க்காம எப்படிம்மா போவேன்? மனசப் போட்டு அலட்டிக்காத" என்றார் தூதர். தண்ணீரைக் குடித்தார், செம்பைக் கொடுத்தார், படியில் கால் வைத்தார், யோசிக்காமல் சொன்னார்: "போயிட்டு வரேன்மா."

"போயிட்டு வாங்கய்யா" என்றாள் அவளும்.

வேறு என்ன சொல்ல முடியும்? ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு வீட்டை விட்டு இறங்குகிறவன், கடன்காரனே ஆனாலும், "போறேன்" என்று சொன்னது கிடையாது. "வரேன்" என்று சொல்லாமல் போகிறவர்கள் நாலு பேர் தோளில் போகிறவர்கள் மட்டும்தான். பாலத்தின் அந்தப் பக்கம் மலைக்குறிச்சியின் பேண்டு வாத்தியம் தேசிய கீதத்தை முழங்க, தளபதி ஒருவர் ஓடிவந்து கார் கதவைத் திறந்தபோது, இருக்கையில் குடை இருந்தது, கண்ணாடிக் கூடு இருந்தது, உட்கார்ந்த சூடுகூட இருந்தது. தூதர் அந்நேரம் எங்கள் ஊரில் மூன்றாவது துண்டு மீனுக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் திரும்பவும் அனுப்பினார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிட்டார். மாட்டு வண்டியில் அனுப்பினார்கள், நடக்கவைத்துக் கூட்டிப்போனார்கள், வல்லரசிடம் கடன் வாங்கிய ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். ஒரு முறை இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே அவரைத் தாம்புக்கயிற்றால் பிணைத்து அனுப்ப, போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் முடிச்சு அவிழாமல் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு மலைக்குறிச்சியில் போய் இறங்கினார்கள். இன்னொரு முறை அவர்கள் தலைநகரம் வரைக்கும் கொண்டுபோய், மந்திரிசபை முழுக்கச் சுற்றி உட்கார்ந்து இமைக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. நிதிமந்திரிக்குத் தும்மல் வந்தது. அதற்குள் எங்கள் ஊரில் மரியபுஷ்பம் அவருக்காகத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

அரசாங்கங்கள் இதை அரசாங்கங்கள் எதிர்கொள்கிறபடி எதிர்கொண்டன. விசா இல்லாமல் எங்கள் மண்ணில் தோன்றுவது சர்வதேச மரபுக்கு விரோதமானது என்று ஞானாதிக்கம் வானொலியில் கண்டித்தார். தங்கள் தூதரைக் கடத்திவைத்து மீன்குழம்பு கொடுத்துச் சித்திரவதை செய்கிறார்கள் என்று அவர்கள் வானொலி பதில் சொன்னது. எங்கள் வல்லரசு ஒரு நிபுணரை அனுப்பிவைத்தது. அவர் ஜன்னலோர நாற்காலியை அளந்தார், தட்டினார், முகர்ந்தார், தானே அதில் உட்கார்ந்து பல வேளை சாப்பிட்டுப் பார்த்தார், கடைசியில் ஆராய்ச்சியைத் தொடர வேண்டும் என்றும் வஞ்சிரம் கிடைத்தால் நல்லது என்றும் அறிக்கை கொடுத்தார்.

ஜனங்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. வரேன்னு சொல்லிட்டுப் போன மனுஷன் வந்திருக்கிறார், அவ்வளவுதானே என்று குழாயடியில் பேசி முடித்துவிட்டு, அதனால் ஆகக்கூடிய காரியங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எல்லையை மூடி, தொலைபேசிக் கம்பியை அறுத்துவிட்டிருந்த நேரம். தினமும் அந்தப் பக்கம் போகிற ஒரே கார் தூதருடையது. கார் போய்ச் சேரும், அதில் வைத்த சாமான் போய்ச் சேரும், தூதர்தான் வந்துவிடுவார். அக்கரையில் கட்டிக்கொடுத்த மகளுக்கு வளைகாப்பு வளையல், மூட்டுவலித் தைலம், நார்த்தங்காய் ஊறுகாய், ஒருமுறை தொட்டிலோடு ஒரு நாய்க்குட்டி என்று காரின் பின்பக்கம் நிறைந்து வழிந்தது. வெறுங்காராகத் திரும்புவானேன் என்று அக்கரைக்காரர்களும் பலாப்பழமும் தேனும் ஏற்றிவிட்டார்கள். உச்சியில் சாமான் கட்டிய காரில், மடியில் யார் வீட்டுச் சீர்வரிசையையோ வைத்துக்கொண்டு, கோட்டும் சூட்டுமாகத் தூதர் போகிற அழகைப் பார்க்கப் பாலத்தடியில் ஒரு டீக்கடையே வந்துவிட்டது. இரண்டு நாட்டுக்கும் நடுவே அத்தனை சிறப்பான ராஜதந்திர உறவு அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இருந்ததில்லை.

மரியபுஷ்பம் தினமும் ஒரு தூக்குவாளி கொடுத்தனுப்புவாள். பாலத்தில் தடுப்புக் கட்டையைத் தூக்குகிற ஆரோக்கியத்திடம் தூதரே கார் கண்ணாடியை இறக்கி அதை நீட்டுவார்.

"டேய், உங்கம்மா இன்னைக்குச் சாளை மீன் வச்சிருக்கா. பாதிய அந்தப் பக்கத்துப் பசங்களுக்கும் குடு."

"அவனுங்களுக்கு நேத்தே குடுத்துட்டேன்யா. இன்னைக்கு அவனுங்க முறை, கிழங்கு கொண்டாரானுங்க."

போர் என்று வந்தால் முதல் குண்டை வாங்கப்போவது பாலத்துக் காவல்தான் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆரோக்கியத்துக்கும் தெரியும். அவனுக்கு மீசை இன்னும் ஒழுங்காக அடர்ந்திருக்கவில்லை. மகன் பாலத்தில் நிற்பதை நினைத்து ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்த மரியபுஷ்பம், தூதர் திரும்பத் திரும்ப வந்து உட்கார ஆரம்பித்த பிறகுதான் தூங்கினாள். இந்த மனுஷன் என் மேசையில் சாப்பிடுகிறவரைக்கும் என் பிள்ளை சாப்பிடுவான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் குழம்பில் புளியைக்கூடக் கூடுதலாகப் போடாமல் பார்த்துக்கொண்டாள்.

போர் வராது என்று தோன்றியதும் ஜனங்கள் நிலக்கடலை விதைத்தார்கள், கல்யாண மண்டபத்துக்குச் சொல்லிவைத்தார்கள். தளபதிகள்தான் இளைத்துப்போனார்கள். வல்லரசுகள் கோபித்துக்கொண்டன. குறித்த காலத்தில் ஒரு போரைக்கூட ஆரம்பிக்கத் தெரியாத உங்களையெல்லாம் எதற்காகச் சேர்த்தோம் என்று ஒன்று கடிகாரத்தையும் இன்னொன்று எஞ்சினையும் திருப்பிக் கேட்டதும், எட்டு வருஷமாக எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு அரசாங்கங்களும் அன்றைக்கே ஒத்துப்போயின. நொண்டியாற்று மணலில் பந்தல் போட்டு, மேசை போட்டு, இளநீர் வெட்டி, போரைத் தொடங்குவதற்கான கூட்டுக் குழு கூடியது. ஒருவருக்கொருவர் நாற்காலி இழுத்துப்போட்டார்கள், பிள்ளைகுட்டிகளை விசாரித்துக்கொண்டார்கள். தூதர் திரும்பித் திரும்பி வருவதற்குக் காரணம் என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லை; மந்திரியிலிருந்து இளநீர் வெட்டியவன் வரைக்கும் எல்லோருக்கும் அது முதல் நாளிலிருந்தே தெரியும். அதே வாசற்படியில் நின்று, அதே செம்பில் தண்ணீர் குடித்து, தூதர் "போறேன்" என்று சொல்ல வேண்டும், மரியபுஷ்பம் "போங்க" என்று சொல்ல வேண்டும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

தூதர் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். மூன்று பாஷைகளில், முகம் மாறாமல், ஆயுசு முழுக்கப் பொய் சொன்ன நாக்கு அது. தன் நாடு சமாதானத்தையே விரும்புகிறது என்று போன மாதம்கூடச் சொல்லியிருந்தது. இந்த ஒரு வார்த்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் "போயிட்டு வரேன்" என்றே வந்து விழுந்தது. ஒரு வாரத்தில் சொல்லாவிட்டால் தேசத்துரோகி என்று மேலிடத்திலிருந்து செய்தி வந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வந்தது.

மரியபுஷ்பத்துக்கு மேலிடம் கிடையாது. அதனால் ஞானாதிக்கமே அடுப்படிக்கு வந்தார்.

"ஏம்மா, ஒரே ஒரு வார்த்தை. நீ சொன்னா நாடே உனக்குக் கடமைப்பட்டிருக்கும்."

"நாடு எனக்கு என்னத்துக்குய்யா? எம் பிள்ள பாலத்துல நிக்கான்."

"அதத்தான் சொல்ல வந்தேன். அவனை இன்னைக்கே செயலகத்து கேன்டீனுக்கு மாத்திடறேன். துப்பாக்கியத் தொடவே வேண்டாம், கரண்டிதான். போர் முடியிற வரைக்கும் உன் பிள்ளை சாம்பார் கிண்டிக்கிட்டு இருப்பான்."

அவள் அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்தாள். பாலத்தில் நிற்கிற மற்ற வீட்டுப் பிள்ளைகளின் முகமெல்லாம் அவளுக்குத் தெரியும்; தூக்குவாளியில் பாதி அவர்களுக்குத்தான் போனது. "நெசமாவா?" என்றாள்.

"மந்திரி வாக்கும்மா."

"மொதல்ல அவன வீட்டுக்கு அனுப்புங்க. கண்ணால பாத்துட்டுச் சொல்லுதேன்."

அவளைக் குறை சொல்ல எங்களில் யாருக்கு வாய் இருக்கிறது? ஊறுகாய் அனுப்பினோம், வளையல் அனுப்பினோம், கடலை விதைத்தோம். இந்த வார்த்தையைச் சொல்லவைக்காதீர்கள் என்று மந்திரி வீட்டு வாசலில் போய் நிற்க ஒரு ஆள் கிளம்பவில்லை. அந்த நாள் வந்தபோது புளிசாதம் கட்டிக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, வேடிக்கை பார்க்கப் போனோம்.

தூதர் செம்பை வாங்கிக் குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் போயிற்று. ஆரோக்கியம் கேன்டீன்காரனுக்கு உரிய வெள்ளை மேல்சட்டையோடு உள்ளே நின்றுகொண்டிருந்தான். அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, "நீ நல்லது செஞ்சேம்மா. பிள்ளைதான் முக்கியம்" என்றார் தூதர். பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு, "போறேன்" என்றார்.

"போங்க" என்றாள் மரியபுஷ்பம். சொன்னதும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

கார் பாலத்தைத் தாண்டியது. அந்தப் பக்கம் கதவைத் திறந்ததும் தூதர் குடையோடு, கண்ணாடிக் கூட்டோடு, முழுசாக இறங்கினார். பேண்டு வாத்தியம் முழங்கியது, நாங்களும் கை தட்டினோம், கை தட்டி முடிப்பதற்குள் முதல் குண்டு டீக்கடை மேல் விழுந்தது.

போரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிலக்கடலையை யாரும் பறிக்கவில்லை, கல்யாண மண்டபத்தில் ஆஸ்பத்திரி வைத்தார்கள். படைக்கு வயிறு முக்கியம் என்று வல்லரசின் ஆலோசகர் எடுத்துச் சொன்னதன் பேரில், செயலகத்து கேன்டீன் அண்டா குண்டாக்களோடு அப்படியே பாலத்துக்கு அனுப்பப்பட்டது. மந்திரி வாக்குத் தவறவில்லை, ஆரோக்கியத்தின் கையில் கரண்டிதான் இருந்தது. கிளம்பும்போது அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அதே படியில் நின்று, "போயிட்டு வரேன்மா" என்றான்.

"போயிட்டு வாய்யா" என்றாள் அவள். சொல்லும்போது அவளுக்குப் பயமே இல்லை; அந்தப் படியின் மகிமை அவளுக்குத் தெரியாதா? உள்ளே போய் ஜன்னலோர நாற்காலிக்கு எதிரே தட்டை வைத்தாள்.

மத்தியானம் அவன் வரவில்லை. ராத்திரியும் வரவில்லை. அன்றைக்கு அந்தத் தெருவில் எத்தனை படிகளில் எத்தனை பிள்ளைகள் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள், ஒரு தட்டுக்கும் ஆள் வரவில்லை. மரியபுஷ்பம் செயலகத்துக்கு நடந்தாள், நடந்தாள், செருப்புத் தேய நடந்தாள். கடைசியில் ஒரு அதிகாரி அவளை உட்காரவைத்து, காபி கொடுத்து, பொறுமையாக விளக்கினார்: அப்படித் திரும்பி வருவதெல்லாம் தூதர்களுக்கு உரிய சலுகைகளில் அடங்கும்மா, உன் மகன் சமையல் பிரிவு.

பிறகு ஒரு நாள் இரண்டு வல்லரசுகளும் ஏதோ ஒரு விருந்தில் சந்தித்து, எச்சத்தை ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டன. எங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டதால் நாங்கள் மேலும் சில வாரங்கள் செத்துக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம் உறவுகள் சீரடைந்தன. சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, விசாவோடு, கொடி கட்டிய காரில், திருமலைக்கொழுந்து வந்து இறங்கினார். போறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் நல்ல சதைப்பிடிப்போடு வந்திருந்தார்.

மரியபுஷ்பம் அவருக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், மூன்றாவது துண்டும் வைத்தாள். எதிரே வைத்திருந்த வெறும் தட்டைப் பார்க்காமல் அவர் சாப்பிட்டு முடித்தார். செயலகத்தில் சமாதான விருந்துக்கு இலை போட்டாயிற்று என்று ஆள் வந்ததும் அவர் எழுந்தார். கை கழுவினார், செம்பை வாங்கிக் குடித்தார், படியில் கால் வைத்தார், பழக்க தோஷத்தில் சொன்னார்: "போயிட்டு வரேன்மா."

"போயிட்டு வாங்கய்யா" என்றாள் மரியபுஷ்பம். "வரும்போது ஆரோக்கியத்தையும் கையோட கூட்டிட்டு வந்துருங்க. பாலத்துலதான் எங்கயாவது நிப்பான்."

இந்த மாதிரி ஒன்று சொல்லி அனுப்பினால், சரிம்மா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் யாரும் படி இறங்க முடியாது. தூதர் வாயைத் திறந்தார். இரண்டு கூட்டணிகளுக்கும் உத்தரவாதம் கொடுத்த வாய் திறந்தபடியே இருந்தது. தூக்கிய கால் கீழே இறங்கவில்லை. மணிக்கூண்டு ஏதோ ஒரு ஊரின் நேரத்தை அடித்து ஓய்ந்தது. பாயசம் ஆறுகிறது என்று செயலகத்திலிருந்து ஆள் மேல் ஆள் வந்து நின்றார்கள். நாங்களும் தெருவில் கூடிவிட்டோம். தூதர் படியிலேயே நின்றார்.

மரியபுஷ்பம் உள்ளே போய், ராத்திரிக்கு இரண்டு பேருக்கு அரிசி களைந்தாள்.